நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மரவள்ளிச் சாறு

கள்ளக்குறிச்சியில் இறங்கிய ஐந்தாவது நிமிடமே நான் கேரளாக்காரன் ஆகிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில், "ஒரு தேத்தண்ணி தாங்கோ, சீனி குறையப் போட்டு" என்று கேட்டதுதான் நான் செய்த ஒரே காரியம். கடைக்காரர் வடிகட்டியைப் பிடித்த கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மலையாளிங்களா?"

"இல்லை. யாழ்ப்பாணம்."

"அப்டிங்களா? இருந்தாலும் தமிழ் நல்லா பேசறீங்க."

முப்பத்து நான்கு வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் ஆங்கிலத்தைக்கூட யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. நன்றி சொல்லி வாங்கிக் குடித்தேன். எங்கள் வீட்டில் இரண்டு கோப்பைக்குப் போடும் சீனி அதில் இருந்தது. குறையப் போட்டது அது.

விசா, விமானம், பஸ் கதைகளை விட்டுவிடுகிறேன். வந்த காரியத்தைச் சொல்கிறேன்.

கரீபியன் தீவு ஒன்றைச் சேர்ந்த ஒருவர் பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதிய பேய்க்கதையை இரண்டு வருடம் குந்தியிருந்து தமிழாக்கியிருந்தேன். தமிழில் 'ஆறாவது தட்டு' என்று பெயர் வைத்தேன். ஒரு வீட்டில் ஐந்து பேர். கடலுக்குப் போன மாமன் திரும்பி வராத நாளிலிருந்து அம்மா தினமும் ஆறு தட்டு வைக்கிறாள். ஒரு நாள் அந்த ஆறாவது தட்டும் காலியாகிறது. தின்றது யார் என்று கண்டுபிடிக்க வீட்டின் பதினைந்து வயது மகள் மரியேல் கிளம்புகிறாள். இவ்வளவுதான் கதை. ஆனால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். சேம்பிலையும் நண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கூட்டு, பயறு போட்ட தேங்காய்ப்பால் சோறு, மரவள்ளி ரொட்டி, பூசணிப் பணியாரம். அந்தத் தீவில் பேய்கூடப் பசியோடுதான் வரும்.

புத்தகத்தைப் போட்டவர் கள்ளக்குறிச்சியில் அச்சகம் வைத்திருக்கும் பூங்கோதை. நாற்பது வயது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ் என்று வருடம் முழுக்க அடித்துவிட்டு, நடுவில் மனசுக்குப் பிடித்த இரண்டு புத்தகம் போடுவார். வெளியீட்டு விழாவைக் கல்வராயன் மலையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் வைப்பது அவருடைய யோசனை. அத்தியாயத்துக்கு ஒரு பக்கம் வாசிப்பது. அந்தப் பக்கத்தில் வரும் சாப்பாட்டைப் பரிமாறுவது.

"பொன்னாட போத்தி பூச்செண்டு குடுத்து சலிச்சுப் போச்சு சார். புள்ளைங்களுக்குப் பேயும் சோறும் போடுவோம்" என்று தொலைபேசியில் சொன்னார். "சமையலுக்கு நீங்க வந்துடுங்க. நீங்கதான எழுதினது?"

வந்துவிட்டேன். ஒரு சின்ன உண்மையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. நான் எழுதியதில் ஒன்றையும் நான் சமைத்ததில்லை, சாப்பிட்டதும் இல்லை. வீட்டில் தேத்தண்ணிகூட மனைவிதான் போடுவாள். அந்தத் தீவின் சமையலறையை அகராதியைக் கையில் பிடித்துக்கொண்டே கடந்து வந்தவன் நான்.

முதல் நாள் சந்தையில் கழிந்தது. காய் விற்ற அம்மாவிடம், "நல்ல பூசணிக்காயாய் ஒன்று தாங்கோ" என்றேன்.

"வூட்ல கட்டறதுக்கா, ஒடைக்கறதுக்கா?"

"சமைக்கிறதுக்கு."

அவர் பூங்கோதையைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாரு இவரு?"

விசாரித்ததில், எங்கள் பூசணி அவர்களுக்குப் பரங்கி. அவர்களுடைய பூசணி எங்களுக்கு நீத்துப்பூசணி. அதைப் புது வீட்டு வாசலில் கண்ணேறு கழிக்கக் கட்டுவார்களாம். பேய்க்கதைக்கு அதுவும் பொருத்தம்தான். ஆனாலும் பரங்கியையே வாங்கினோம். அடுத்தது ஈரப்பலா. யாழ்ப்பாணத்தில் குறைவு என்றாலும் தெற்கிலிருந்து வரும். தீவுக்காரர்களுக்கு அது சோறு மாதிரி. "பலாக்காய் மாதிரி இருக்கும், சின்னது, முள் இராது" என்று கையால் காற்றில் வரைந்து காட்டினேன். அந்த அம்மா என் கைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சின்ன பலாக்கான்னு சொல்லுங்களேன். அதுக்கு எதுக்குப் பரதநாட்டியம்?" என்றார். சின்னப் பலாக்காய் இரண்டு வாங்கினோம்.

நண்டு கேட்டேன். "கடலூர்ல இருந்து மல மேல போய் சேர்றதுக்குள்ள அதுவே பேயாயிடும் சார்" என்று பூங்கோதை அடித்துவிட்டார்.

ஒரே ஒரு வெற்றி. கதையில் எல்லாச் சட்டியிலும் போடுகிற ஒரு தழையை நான் 'அகன்ற இலை மூலிகை' என்று எழுதி வைத்திருந்தேன். அதன் படத்தைக் காட்டினேன். பூங்கோதை அச்சக வாசலுக்குப் போய் ஒரு தொட்டியிலிருந்து கிள்ளிக்கொண்டு வந்தார். கற்பூரவள்ளி. "சளிக்குக் குடுக்கற தழைய சோத்துல போடறாங்களா? அந்த ஊர்ல யாருக்கும் இருமலே வராது போல" என்றார். இரண்டு வருடம் நான் தேடிய சொல் அவருடைய வாசலில் தண்ணீர் ஊற்றப்பட்டு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

மாலையில் மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"நீங்களோ சமைக்கப் போறியள்?"

"ஓம்."

"மரவள்ளியும் இருக்கோ?"

"இருக்கு."

"இஞ்சி மட்டும் சேர்த்துப் போடாதேங்கோ. விஷம்."

எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்குத் தெரியாதா என்று கொஞ்சம் எரிச்சலோடு வைத்தேன். மரவள்ளியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான் என்பது அடுத்த நாள் வெளியாயிற்று.

இரண்டாம் நாள் காலை கச்சிராயபாளையம் டவுன் பஸ். அங்கே பூங்கோதையின் அண்ணன் வீடு. பெரிய பாத்திரங்களும் தோட்டத்து மரவள்ளியும் அங்கேதான் இருந்தன. ஒத்திகைச் சமையல் அங்கே, விழா மறுநாள் மலையில் என்பது ஏற்பாடு. வளைவு ஒன்றில் பரங்கிக்காய் பையை விட்டு இறங்கி பஸ்ஸின் நடுவே உருண்டது. இரண்டு காலேஜ் பையன்கள் காலால் தடுத்தார்கள், ஒரு பாட்டி அதட்டினார், கடைசியில் அது டிரைவர் பக்கத்தில் போய் நின்றது. கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சா இவருக்கு?"

எங்கள் ஊர் பஸ்ஸில் இப்படி நடந்தால் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். இங்கே முகத்துக்கு நேரே சிரித்தார்கள். அது எவ்வளவோ நல்லது. கூடச் சேர்ந்து சிரித்துவிடலாம்.

பூங்கோதையின் அண்ணி தமிழ்ச்செல்வி கச்சிதமான மனுஷி. அணை வாய்க்கால் பாய்கிற பக்கம் கரும்பு, மேட்டில் மரவள்ளி. காலையிலேயே கிழங்கு பிடுங்கி, தோல் உரித்து வைத்திருந்தார். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"சார் நீங்க அந்தக் கட்டில்ல உக்காந்து புஸ்தகத்த படிங்க. நாங்க செய்றோம்."

படித்தேன். அவர் சமைத்தார். சேம்பிலையைப் புளித்தண்ணீரில் வேக வைத்தார். "இல்லன்னா தொண்ட அரிக்கும். உங்க புஸ்தகத்துல அது இருக்குதா?" இல்லை. வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்தபோது எழுந்த மணத்தில் நான் கட்டிலை விட்டு எழுந்துவிட்டேன். என் மூன்றாம் அத்தியாயம் எப்படி மணக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து ரொட்டி. கிழங்கைத் துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்தார். பால்போல் சாறு குண்டானில் இறங்கியது. அதைக் கொட்டுவதற்காக எடுத்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ! அது வேணும்."

"எதுக்கு?"

நிகழ்ச்சி நிரலை எடுத்துக் காட்டினேன். அழகாக அச்சடித்திருந்தார்கள். ஐந்தாவது வரி: 'பக்கம் 112. ஆளுக்கு ஒரு கரண்டி மரவள்ளிச் சாறு.'

"செத்தவர்களைப் பார்க்கிறதுக்காக மரியேல் இதைக் குடிக்கிற இடம்" என்று விளக்கினேன். "கதையின் உச்சம். விழாவிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறோம்."

தமிழ்ச்செல்வி குண்டானைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். பிறகு கொல்லைக்கு நடந்து, ஆடு கட்டியிருந்த பக்கத்தை விட்டுத் தள்ளி, ஒரு குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்.

"போன வருசம் இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டு எங்க ஆடு ரெண்டு, கால ஒதச்சிக்கினு செத்துச்சு. பச்சச் சாறு விஷம் சார். நாப்பது புள்ளைங்களுக்கு ஊத்தப் போறீங்களா? புஸ்தகம் போட்டீங்களா, கொல கேஸ் போட்டீங்களா?"

தொலைபேசியில் இருந்த ஆங்கில மூலத்தைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு சொல், தீவுக்காரர்களின் சொல். மொழிபெயர்க்கும்போது நான் பார்த்த அதே அகராதியைத் திறந்தேன். முதல் வரி: மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் சாறு. அந்த வரியோடு எழுந்து போயிருக்கிறேன். இரண்டாவது வரி: அதை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, நஞ்சு நீங்கி, கறுப்புப் பாகாக இறுக்கியது. கதையில் அம்மா விடியற்காலையிலிருந்து ஏதோ ஒரு கறுப்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டே இருப்பாள். அது எதற்கு என்று இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

"நான் மூணு வாட்டி புரூஃப் பாத்தேனே" என்று பூங்கோதை தலையில் கை வைத்தார். "எங்க ஒற்று மிகும், எங்க மிகாதுன்னுதான் பாத்துக்கினு இருந்தேன். ஆளு மிஞ்சுமான்னு பாக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அவர் வேறு எதையோ நினைத்துவிட்டார்.

"சார்... ஸ்கூலுக்கு ஆறு புஸ்தகம் பத்து நாளு முன்னாடியே அனுப்பிட்டேன். புள்ளைங்க முன்னாடியே படிச்சி வைக்கட்டும்னு. அந்த மலையில எங்க பாத்தாலும் கிழங்குதான்."

பள்ளிக்கு அடித்துப் பார்த்தார். மணி போகவில்லை. அங்கே தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் ஒரு கோடு கிடைக்குமாம். யாராவது எதற்காவது ஏறினால்தான் உண்டு.

"குட்டியானைய இப்பவே வரச்சொல்றேன். கெளம்புங்க."

மலை ஏற யானையா என்று நான் கேட்டதை அந்த நேரத்திலும் தமிழ்ச்செல்வி ரசித்தார். குட்டியானை என்பது சின்னச் சுமை வண்டி. எங்களூரில் பட்டா என்போம். பாத்திரங்கள், கிழங்கு மூட்டை, புத்தகக் கட்டுகள், தமிழ்ச்செல்வி எல்லாம் பின்னால். பூங்கோதையும் நானும் டிரைவரோடு முன்னால்.

அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. இந்தப் பயணத்தில் நான் பார்க்க ஆசைப்பட்ட இடம் அதுதான். ஒரு மரத்தைக்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பூங்கோதை முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்:

"கள்ளச்சாராயத்துல எங்க ஊரு பேரு டிவியில வந்தது ஒருவாட்டி போதும் சார். குடிச்சி செத்தாங்கன்ற வார்த்தைய இன்னொருவாட்டி கேக்க முடியாது. எங்க பிரஸ்ல பைண்டிங் பண்ற பொண்ணு கருணாபுரம்தான். அவங்கப்பா..."

முடிக்கவில்லை. பிழையான சொல்லுக்கு ஒரு ஆசிரியன் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவான். அவ்வளவுதான் அதன் தண்டனை என்று முப்பத்து நான்கு வருடம் நம்பியிருந்தேன்.

பாதி மலையில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. ஆவி. டிரைவர் இறங்கி, எங்கள் குடிதண்ணீர் கேனை வாங்கி எஞ்சினுக்குக் குடிக்கக் கொடுத்தார். "இருபது நிமிசம் ஆவட்டும். இல்லன்னா இன்னும் கோவிச்சிக்கும்."

அந்த இருபது நிமிடம் நான் சாலையில் மேலும் கீழும் நடந்தேன். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று விசாரித்தார். நான் வாயைத் திறந்ததுமே அவர் நெற்றி சுருங்கியது. முந்திக்கொண்டேன்.

"நான் மலையாளி இல்லை."

"நாங்கதாங்க மலையாளி" என்றார் அவர் நிதானமாக. "இந்த மலையில இருக்கறவங்க எல்லாம் மலையாளிதான். ஆனா மலையாளம் ஒரு வார்த்த தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மைதானத்தில் பிள்ளைகள் கோ-கோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடினார்கள், விழுந்தார்கள், கத்தினார்கள். அப்படிக் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்து வாழ்க்கையில் முதல் முறையாக நான் நிம்மதி அடைந்தேன். அது ஒரு நிமிடம்தான் நீடித்தது. தமிழாசிரியை மங்கை வரவேற்றுவிட்டு, "புக்க விடாம படிக்கறாங்க சார். போன வாரம் சமையக்கட்டுல போய் அஞ்சாறு கிழங்குகூட கேட்டு வாங்கிக்கினு போனாங்க" என்றார்.

"யாரு? யாரு வாங்கினது?" பூங்கோதையின் குரல் மைதானத்தின் அந்தக் கோடிவரை போனது.

பத்தாம் வகுப்புச் சங்கீதா வந்து நின்றாள். ஒல்லியான, முழங்காலில் புழுதி அப்பிய பெண். கூடவே ஏழெட்டுப் பேர்.

"நீங்கள் அந்தச் சாறைக் குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன். அவளுக்கு என் தமிழ் விளங்கவில்லை. பூங்கோதை மொழிபெயர்த்தார்.

"கெழங்கு சாற குடிச்சிங்களாடி?"

"எதுக்குக்கா? சாவறதுக்கா?"

"அப்போ வாங்கினது?"

"சுட்டுத் தின்னோம். பேய்க்கத படிச்சா பசிக்குது."

தமிழ்ச்செல்வி அப்படியே வண்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். பூங்கோதை சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எதற்கு இந்தப் பெரியவர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் கதை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளனுக்கு அந்த அற்பத்தனம் எந்த நிலையிலும் போகாது.

"சூப்பர் சார். அதுவும் அவ சாவற எடம் இருக்குது பாருங்க!"

"யார் சாகிறது?"

"மரியேல்தான்."

"மரியேல் சாகவில்லையே."

சங்கீதா என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "சார், நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல அவ பச்ச சாற குடிக்கறா இல்ல? குடிச்சா எப்டி சார் பொழைப்பா? செத்தவங்கள பாக்கறதுக்குக் குடிச்சான்னா, செத்துதான பாக்க முடியும்?"

"ஆனால் அதற்குப் பிறகும் எழுபது பக்கம் அவள்தானே கதை சொல்கிறாள்?"

"அதான் சார் பேய். அவ செத்தது அவளுக்கே தெரியாது. அதுக்கப்புறம் யாராச்சும் அவகூட பேசறாங்களா, நீங்களே பாருங்க."

பின்னால் நின்ற ஒருத்தி சேர்ந்துகொண்டாள். "அவங்கம்மா தட்ட வெச்சிட்டு மூஞ்சியக்கூட பாக்காம போயிடுவாங்க. நாயி மட்டும் கொரைக்கும். நாய்க்குத்தான பேய் தெரியும்?"

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். உண்மை. மூலத்தில் அம்மாவுக்கு மகள் மேல் கோபம், அதனால் பேசுவதில்லை. அண்ணன்மார் ஊரில் இல்லை. நாய் எப்போதும் குரைக்கிற நாய். ஆனால் இந்தப் பிள்ளைகள் படித்த புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு ஒரு பெண் இறந்துபோகிறாள். இறந்தது தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். நான் எழுதியதைவிட அது பத்து மடங்கு பயங்கரமாக இருந்தது.

அன்று மாலை பூங்கோதை தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று அச்சகத்துக்குப் பேசினார். திருத்தச் சீட்டு அடித்து, மறுநாள் மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். நான் கீழே நின்று வாசகத்தைச் சொன்னேன். 'அம்மா நாள் முழுதும் காய்ச்சி இறக்கிய கறுப்புப் பாகில் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். பச்சைச் சாறு நஞ்சு என்பது அந்தத் தீவில் எல்லோருக்கும் தெரியும்.' இரண்டாவது வாக்கியம் மூலத்தில் இல்லை. இதற்கு நான் அனுமதி கேட்கவில்லை; பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் விழா. மரத்தடியில் நாற்பது பிள்ளைகள். முதலில் எழுந்து என் பிழையைச் சொன்னேன். அகராதியில் ஒரு வரி படித்து, ஒரு வரி படிக்காமல் விட்டதைச் சொன்னேன். "நான்தான் பிழையாக எழுதிப்போட்டன். மரியேல் சாகவில்லை. அவள் குடித்தது பாகு."

யாரும் கை தட்டவில்லை. முகங்கள் வாடிவிட்டன. கடைசி வரிசையிலிருந்து சங்கீதாவின் குரல் வந்தது.

"அப்ப எழுதினவங்கதான் தப்பா எழுதிக்கிறாங்க. நீங்க கரெக்டா போட்டுக்கிறீங்க சார்."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அது. ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை, மறுக்கவும் மனமில்லை.

சாப்பாடு வந்தது. தீவின் புகழ்பெற்ற சேம்பிலைக் கூட்டைச் சுவைத்துவிட்டு, "கீரக் கடசல், வெண்டக்கா போட்டது" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். தேங்காய்ப்பால் சோற்றில் மலைத் துவரை போட்டிருந்தோம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டார்கள். கற்பூரவள்ளியை மட்டும் நாற்பது பேரும் இலையோரம் ஒதுக்கினார்கள். மரவள்ளி ரொட்டிக்கு மதிப்பெண் குறைவு. "இதுக்கு சுட்டே தின்னலாம்." பலாக்காயை யாரும் ஈரப்பலா என்று நம்பவில்லை, நம்பச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பிறகு அந்தக் கரண்டி. நாள் முழுக்கக் காய்ச்சினாலும் கிழங்குச் சாற்றைப் பிள்ளைகள் பக்கம் கொண்டுவர விடமாட்டேன் என்று தமிழ்ச்செல்வி சொல்லிவிட்டார். வெல்லப்பாகில் பட்டையும் மிளகும் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சியிருந்தார். சங்கீதா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தாள். நல்ல வாசிப்பு, கத்தாமல், அவசரப்படாமல். கதையில் உள்ளபடி முதல் கரண்டியை நான் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இனிப்பு, பின்னால் மிளகின் காரம். கண்ணைத் திறந்தேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

"நல்லாயிருக்கு, நீங்களும் குடியுங்கோ" என்றேன். எதிரே இருந்த பிள்ளை எனக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். அவள் தோழியோடு பேசிக்கொண்டே எழுந்து போனாள். "பூங்கோதை?" அவர் புத்தகக் கட்டை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தார். தமிழ்ச்செல்வி என் முன்னால் ஒரு தட்டை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார். புது ஆள் வாடைக்குப் பள்ளிக்கூடத்து நாய் மட்டும் என்னைப் பார்த்து ஒரு முறை குரைத்தது.

விளையாட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. இரண்டு வருடம் அந்தக் கதையோடு இருந்திருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. "பிள்ளையள்!" என்று நான் கூப்பிட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி விட்டார்கள் என்று தெரியாது. கடைசியில் யாரோ ஒரு சின்னப்பெண்ணால் அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. அதோடு மரத்தடி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிற்பகல் பஸ்ஸில் சீட்டுகள் வந்து சேர்ந்தன. பசை மரவள்ளி மாவில் காய்ச்சியது. கொண்டுவந்திருந்த புத்தகங்களைப் பிரித்து, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒட்டினோம். ஊரில் கட்டாக இருக்கும் மிச்சத்துக்கு அச்சகத்தில் ஒட்டிக்கொள்வார்கள். பள்ளியில் இருந்த ஆறில் ஐந்து வந்துவிட்டது. ஆறாவது சங்கீதாவிடம். அதை அவள் தாவணியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்களுக்குத்தான் அது விஷம்னு தெரியுமே சார். எங்க புக்குல எதுக்கு ஒட்டணும்?"

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது, நூலகத்திலிருந்து புத்தகம் கை மாறும் என்றெல்லாம் சொன்னேன். நான் பிழையாக எழுதியது இன்னொருவருடைய கதை என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஆனால் கொடுக்கவில்லை. பூங்கோதை கையை நீட்டினார். வேண்டாம் என்று தடுத்தேன். "விருப்பமில்லாட்டி விடுங்கோ. அது அவளுடைய புத்தகம்."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கீழே கிடந்த ஒரு சீட்டை எடுத்து வாசித்தாள். இரண்டாம் முறை உதடு அசைய மெதுவாக வாசித்தாள்.

"சார், இத ஒட்டிட்டா அவ பொழச்சிக்குவாளா?"

"ஓம்."

"அப்ப அவங்கம்மா பேசாததெல்லாம்?"

"கோபம். கடைசிப் பக்கத்தில் பேசிவிடுவாள்."

புத்தகத்தைப் பிரித்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தாள். அந்தப் பக்கம் திறந்து திறந்து ஏற்கெனவே தனியாகத் தொய்ந்திருந்தது.

"அப்ப ஒட்டிடலாம் சார். பாவம், பதினஞ்சு வயசுதான ஆவுது."

பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். என்னை ஒட்டவிடவில்லை.